சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடுகிறது

கேள்வி:

ஐயா, பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எங்கள் ஓட்டு வீட்டை ஒட்டியே என் கணவரின் பெரியப்பா மகனுடைய தறிக்கூடம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். முன்பு எட்டுத் தறிகள் பகலில் மட்டும் ஓடின. இரண்டு வருடங்களுக்கு முன் இருபது தறிகள் ஆக்கி, மேலே தகர ஷீட் போட்டு, இரவு ஷிப்டும் ஓட்டுகிறார்கள். அவர்கள் குடியிருப்பது தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்ட வீட்டில். எங்கள் அலமாரியில் எவர்சில்வர் தம்ளர் இரவெல்லாம் நடுங்குகிறது. மாமியாருக்கு இரத்த அழுத்தம் உண்டு. இரவில் நான்கைந்து முறை எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மகள் பிளஸ் டூ. முதலில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தாள், இப்போது இயர்போனில் பாட்டு வைத்துக்கொண்டு படிக்கிறாள். கைபேசிச் செயலியில் அளந்தேன். இரவு பதினொரு மணிக்கு மகள் அறையில் ஜன்னலைத் திறந்தால் 66, மூடினால் 60 டெசிபல் காட்டுகிறது. கணவரிடம் சொன்னால், "தறி ஊரில் பிறந்தவர்களுக்கு இது தாலாட்டு மாதிரி, பழகிவிடும்" என்கிறார். புகார் கொடுத்தால் பங்காளிப் பகை வரும். பங்குனியில் மாரியம்மன் பண்டிகை வேறு வருகிறது. கோயில் முன் கம்பம் நட்ட நாளிலிருந்து ஒலிபெருக்கி ரேடியோ செட் ஓயாது. சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் குறையும் என்கிறார்களே, உண்மையா? இதெல்லாம் என் மனப்பிரமையா? என்ன செய்வது?

— ஒரு வாசகி, பல்லடம் வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மனப்பிரமை இல்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு எண்களும் நடுங்குகிற தம்ளரும் அதற்குப் போதுமான சாட்சி. இயந்திர இரைச்சலைக் குறைப்பதைத் தொழிலாகக் கொண்டவன் நான்; பிறந்து வளர்ந்ததும் தறி ஊரில்தான். அதனால் உங்கள் கணவர் சொன்ன அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'பழகிவிடும்' என்பதைக் கொங்கு நாட்டில் நான் கேட்காத வீடு இல்லை. என் அப்பாவும் அதைத்தான் சொன்னார்.

அப்பா குமாரபாளையத்தில் கூலிக்குத் தறி ஓட்டியவர். முப்பது ஆண்டுகள். ஐம்பதைத் தாண்டியதும் திண்ணைப் பேச்சுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார். அவருக்கு முன்கோபம் வந்துவிட்டது, ஒட்டுதல் குறைந்துவிட்டது என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையில் நான்கு பேர் பேசும் இடத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. அதைச் சொல்லவும் கூச்சம். 'காதில் விழுகிறது, விளங்கவில்லை' என்று அவர் எங்களிடம் ஒப்புக்கொள்வதற்குள் பத்து வருடம் போய்விட்டது. இரைச்சல் காதைக் கெடுக்கும் விதமே அப்படி. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 4000 அதிர்வுகளை, ஒட்டிய கீச்சு ஒலிகள். உயிரெழுத்து ஓசைகள் தடித்தவை, கடைசி வரை நிற்கும். ச, த, ப, க போன்ற மெய்களின் உரசலும் வெடிப்பும்தான் முதலில் கரையும். 'பல்' என்றாலும் 'கல்' என்றாலும் ஒன்றுபோலக் கேட்கும். உள்காதில் இருக்கும் மயிரிழைச் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. என் அப்பா தறிக்குப் பழகிவிட்டார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவருடைய காது போய்க்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டில் இருக்கும் அளவு காதைச் செவிடாக்கும் அளவு இல்லை. அந்தப் பயம் வேண்டாம். 60 டெசிபல் என்பது எதிரில் உட்கார்ந்து பேசுகிற அளவு. அது கெடுப்பது தூக்கத்தை. உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் தந்த வழிகாட்டுதலில், நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் தொடர்ந்து வரும் ஒலி 30 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்றது. டெசிபல் கணக்கு கூட்டல் கணக்குப்போல நடப்பதில்லை. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறத்தாழ இரட்டிப்பு. 30க்கும் 60க்கும் நடுவே ஆயிரம் மடங்கு ஆற்றல் இருக்கிறது. யாரோ ஒருவர் உங்கள் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து விடியும்வரை பேசிக்கொண்டே இருப்பதாக நினைத்துப் பாருங்கள்.

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்குக் கிடையாது. தூங்கும்போதும் அது வேலை செய்கிறது. ஒவ்வொரு இடிக்கும் மூளையின் அடிப்பகுதி 'என்னவோ வருகிறது' என்று உடம்பை உசுப்புகிறது. நாடி ஏறுகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, பதற்றச் சுரப்புகள் ஊறுகின்றன. இதற்கு நாம் விழித்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. காலையில் நினைவும் இருக்காது. தூக்கக் கூடத்தில் ஆட்களைப் படுக்கவைத்து ஆய்ந்தவர்கள் கண்டது இதுதான்: சில நாட்களில் விழிப்பது குறைந்துவிடுகிறது, நாடி துள்ளுவது மட்டும் அவ்வளவு எளிதில் குறைவதில்லை. மனது பழகுகிறது, இதயம் பழகுவதில்லை. சாலை இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்களுக்கு இதய இரத்தக் குழாய் நோய் கூடுதலாக வருகிறது என்பதை வைத்தே அதே நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்குப் புதிய வரம்புகளைப் பரிந்துரைத்தது. உங்கள் மாமியாரின் இரத்த அழுத்தத்துக்குத் தறிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அது ஒரு மருத்துவரின் வேலை. தூக்கம் உடைவதை மட்டும் அந்த மருத்துவரிடம் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று அவர் யோசிக்கும்போது அந்தத் தகவல் உதவும்.

மகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1975இல் ஆர்லின் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் மேம்பால ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியை ஆய்ந்தார். ஒரே பள்ளி, ஒரே ஏழ்மை, ஒரே பாடம். பாதையைப் பார்த்த வகுப்புகளில் இருந்த பிள்ளைகள், மறுபக்க வகுப்புப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஓராண்டு வரை பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை பொருத்தினார்கள். 1981இல் மறுபடி பார்த்தபோது அந்த வேறுபாடு மறைந்திருந்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1992இல் பழைய விமான நிலையத்தை மூடி வேறோர் இடத்தில் புதியதைத் திறந்தபோதும் இதையே கண்டார்கள். புதிய நிலையத்தின் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் நினைவும் தளர்ந்தன, பழைய நிலையத்தின் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தேறின. இரைச்சலை எடுத்தால் பிள்ளைகள் மீள்கிறார்கள். எனக்கு இந்தத் தொழிலில் ஊக்கம் தருவது அந்த ஒரு செய்திதான்.

இனி உங்கள் சுவருக்கு வருகிறேன்.

நாடாத் தறி ஏன் இவ்வளவு கத்துகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எங்கே மறிப்பது என்று தெரியும். குறுக்கு நூலைச் சுமந்து போகும் நாடாவைப் பிக்கிங் குச்சி அடித்து எறிகிறது. மரத்தாலான அந்த நாடா, நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்குள் பாய்ந்து மறுபக்கப் பெட்டியில் மோதி நிற்கிறது. நிமிடத்துக்கு 150 தடவை என்று வைத்தால், இருபது தறிகளுக்கு 3,000 மோதல்கள், நொடிக்கு ஐம்பது. தறிகள் நெருங்கி ஓடும் கூடத்துக்குள் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அந்த இடி இரண்டு வழியாகப் புறப்படுகிறது. ஒன்று காற்றில். மற்றொன்று தறிக் காலின் வழியாகத் தரையிலும் சுவரிலும்.

நீங்கள் எழுதிய எண்களைப் பாருங்கள். ஜன்னலைச் சாத்தியதும் 66லிருந்து 60தான் ஆகிறது. ஓரளவு இறுக்கமாக மூடும் ஜன்னல் என்றால் பத்து டெசிபலாவது இறங்கியிருக்க வேண்டும். ஆறுதான் இறங்குகிறது என்றால், மூடிய பிறகும் நிற்கும் அந்த 60க்கு ஜன்னல் மட்டும் வாசல் இல்லை. வேறு வழியிலும் வருகிறது. ஓட்டு வீடு என்கிறீர்கள். பொதுச் சுவர் ஓடு வரை முழுதாக எழும்பியிருக்கிறதா, அல்லது சுவர் முடிந்து மேலே இடைவெளி விட்டு ஓடு தொடங்குகிறதா? பழைய வீடுகளில் பெரும்பாலும் இடைவெளி இருக்கும். பகலில் ஏணி வைத்து ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தால் சத்தத்துக்கும் அதுதான் பாதை.

ஒரு கணக்கு சொல்கிறேன், இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 45 டெசிபலுக்கு மேல் மறிக்கும். அதே சுவரில் பத்தில் ஒரு பங்கு பரப்பு திறந்திருந்தால், மற்ற ஒன்பது பங்கும் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் மொத்தத்தில் பத்து டெசிபல்தான் மறிபடும். நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே இருபதோடு நின்றுவிடும். ஒலியும் நீரைப்போலத்தான், வாய்க்கால் கரையில் எலி வளை ஒன்று போதும். ஆகவே பணம் செலவழிக்கும் முன் ஓட்டைகளைத் தேடுங்கள். பொதுச் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவிலுள்ள சந்து, கூடத்தின் சாளரம், வயர் போகும் துளை, கதவின் அடி. சுவர்த் தலையைச் செங்கல் வைத்து ஓடு வரை எழுப்பிப் பூசினால், நீங்கள் செய்யக்கூடிய வேலைகளிலேயே குறைந்த செலவில் அதிகப் பயன் தருவது அதுவாக இருக்கலாம். கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை.

தம்ளர் நடுங்குவது அடுத்த வழி. அது காற்றில் வருவதில்லை, தரையில் வருகிறது. பொதுச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள், பிறகு எதிர்ச் சுவரில். பொதுச் சுவர் அதிர்ந்து மற்றது சும்மா இருந்தால், அந்தச் சுவரை ஒட்டி நிற்கும் தறிகள்தான் குற்றவாளிகள். இதற்கு உங்கள் பக்கத்தில் மருந்து கிடையாது. தறிக் காலுக்கு அடியில் ரப்பரும் கார்க்கும் சேர்ந்த தட்டை வைத்தால் அதிர்வு தரைக்கு இறங்குவது குறையும். பல கூடங்களில் பார்த்திருக்கிறேன். நாடாவைத் தள்ளும் பிக்கர் தேய்ந்திருந்தால் அதையும் நாடாப் பெட்டியின் தோல் தாங்கிகளையும் மாற்றி, தளர்ந்த போல்ட்டுகளை முடுக்கினாலே இடியின் கூர்மை மழுங்கும். இவை அந்தப் பக்கத்தில் நடக்க வேண்டியவை.

முட்டை அட்டை வேண்டாம். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் நம் கொங்கு நாட்டில்தான் என்பதால் அட்டை எளிதாகக் கிடைக்கிறது, யாரோ தொடங்கி வைத்த வழக்கம் பரவிவிட்டது. அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சும். சுவரைத் தாண்டி வரும் ஒலியை மறிக்காது. மறிப்பதற்குக் கனம் வேண்டும், இடைவெளியின்மை வேண்டும். முட்டை அட்டையில் இரண்டும் இல்லை, தீப்பற்றும் பயம் மட்டும் இருக்கிறது. வேலி ஓரத்தில் வேம்பு வைக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்: நிழலுக்கும் காற்றுக்கும் வையுங்கள். ஒரு வரிசை மரம் ஒலியைத் தடுக்காது. பல பத்து மீட்டர் அகலத்துக்கு அடர்ந்த தோப்பு இருந்தால்தான் அளவுகோலில் தெரியும்.

எட்டுத் தறிகள் இருபது ஆனதுதான் இவ்வளவுக்கும் காரணம் என்று நினைத்திருப்பீர்கள். எண்ணிக்கையால் மட்டும் கூடியது ஏறத்தாழ 4 டெசிபல்தான். முன்பு கூரை என்னவாக இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. இப்போதைய தகரம் மெல்லியது, தானும் அதிர்ந்து மேலே ஒலியை விடுகிறது. அதற்கும் மேலே, இரவு. பகலில் பஸ், மோட்டார், மிக்ஸி எல்லாவற்றுக்கும் நடுவில் கரைந்த சத்தம் இரவில் தனித்து நிற்கிறது. தரை குளிர்ந்து மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும் இரவுகளில் ஒலி மேலே போகாமல் வளைந்து தரைக்கே திரும்புகிறது. மார்கழி விடியலில் இரண்டு மைல் தள்ளி இருக்கும் கோயில் பாட்டு பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல் கேட்குமே, அதுதான். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது கூடத்துக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு அதிகமாகக் கேட்கும். குறிப்பு எழுதும்போது மாதத்தையும் காற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

இதே கணக்கின் மறுபக்கம் பேச்சுவார்த்தைக்கு முக்கியம். 'பாதித் தறிகளை நிறுத்துங்கள்' என்று கேட்டால் அவருக்குப் பாதி வருமானம் போகும், உங்களுக்குக் குறைவது 3 டெசிபல், இருவருக்கும் நட்டம். பொதுச் சுவரை ஒட்டிய வரிசையை மட்டும் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை நிறுத்தச் சொல்லுங்கள். சுவர் அதிர்வது பெரும்பாலும் அந்த வரிசையால்தான். அதற்கு மேல், உங்கள் பக்கம் பார்த்த சாளரங்களை அடைத்து, காடு பார்த்த பக்கத்தில் காற்றுப் பாதை வைக்க வேண்டும். கூடத்தை முழுக்க அடைக்கச் சொன்னால் அவர் மறுப்பார், மறுப்பதில் நியாயமும் இருக்கிறது; உள்ளே வெக்கை தாங்காது, ஆட்கள் நிற்கமாட்டார்கள். காற்று இரண்டு முறை வளைந்து வெளியேறும்படி அறை போன்ற ஒரு பாதை கட்டி, அதன் உட்புறத்தில் ராக்வுல் என்ற கல் இழைப் பஞ்சைப் பதித்து, மேலே கண்ணித் துணி போர்த்தினால் காற்று போகும், ஒலி உள்ளேயே தேயும். தெர்மோகோலோ ஸ்பாஞ்சோ வைக்க ஒருபோதும் விடாதீர்கள். பஞ்சுத் தூசி பறக்கிற இடத்தில் அது தீக்குச்சிக்குச் சமம். நாடா இல்லாத ரேபியர் தறிக்கு மாறினால் சத்தமே இருக்காது என்று விற்பவர்கள் சொல்வார்கள். நாடா மோதும் இடி இருக்காது என்பது சரி. வேகம் கூடுவதால் மொத்த இரைச்சல் எதிர்பார்த்த அளவு இறங்குவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கையில் எடுப்பது பிறகு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதிக்கு 65, 55. தொழில் பகுதிக்கு 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்துக்கு 50, 40. இரவு என்றால் பத்திலிருந்து ஆறு. இந்த வரம்பு வெளியில் அளப்பது. உங்களுக்கு அறைக்குள்ளேயே 60 இருக்கிறது. வரம்பைப் பத்து டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் யாரும் புகார் தரலாம் என்கிறது விதி. மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாமல் இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி ஆகியோர் நடவடிக்கை எடுக்கலாம். அளப்பதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். கைபேசி எண் உங்களுக்குத் துப்பு, அவர்களுடைய கருவி எண்தான் ஆதாரம். பொதுத் தொல்லை என்ற அடிப்படையில் கோட்டாட்சியரிடம் போகும் வழியும் இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு எழுதிப் போட்டாலும் சரியான மேசைக்குப் போய்ச்சேரும்.

இதில் ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்கிறேன். 'இது தொழில் பகுதி' என்று அவர்கள் தரப்பில் வாதிடலாம். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் என்று எங்கே பார்த்தாலும் வீடும் தறியும் ஒரே கூரையில் வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. கோட்டைக் கிழித்து இது குடியிருப்பு, இது தொழில் என்று பிரிப்பது எளிதில்லை. கலப்புப் பகுதியை எந்த வகையில் சேர்ப்பது என்பதை உரிய அதிகாரி முடிவுசெய்யலாம் என்று விதியே சொல்கிறது. ஊராட்சியில் இயந்திரம் நிறுவ எத்தனை தறிகளுக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கு அனுமதி வாங்கி இருபது ஓட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும். ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்தத் தாளை முதல் நாளே நீட்டமாட்டேன்.

முதல் நாள் பேச வேண்டியது அவருடைய சொந்தக் காதைப் பற்றி. தொழிலிடத்தில் 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பதைப் பாதுகாப்பான எல்லையாக ஆய்வாளர்கள் வைக்கிறார்கள். 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 97 டெசிபல் என்றால் அரை மணி நேரம். உங்கள் பங்காளி ஒரு நாளைக்கு எத்தனை அரைமணி கூடத்துக்குள் நிற்கிறார்? அங்கே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கும் ஆட்கள் எத்தனை? வெளியூரிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்து தறி ஓட்டும் பையன்களின் காதை யாரும் ஒருநாள்கூடச் சோதித்திருக்கமாட்டார்கள். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை சட்டப்படி அறிவிக்க வேண்டிய தொழில் நோய்; நம்முடைய சிறு கூடங்களில் பல அந்தச் சட்டம் கேட்கும் ஆள் எண்ணிக்கைக்குள்ளேயே வருவதில்லை, அதனால் அறிவிப்பவரும் இல்லை. எனக்குத் தாங்க முடியாத விஷயம் இது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை ஆடியோமெட்ரி என்ற செவித்திறன் சோதனை எடுத்துப் பார்க்க அவரையும் ஆட்களையும் அனுப்பச் சொல்லுங்கள். வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் இருந்தால் அவருக்கே உங்கள் பேச்சு விளங்கிவிடும். அதிர்வுத் தட்டும் சாளர வேலையும் உங்களுக்குச் செய்யும் சலுகையாக இல்லாமல் அவருடைய கூடத்துக்கான வேலையாகும்.

பண்டிகை ரேடியோ செட்டைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு மொத்தம் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் சில விழா நாட்களில் மட்டும் பன்னிரண்டு மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். எந்தெந்த நாள் என்று முன்னதாகவே அறிவிக்க வேண்டும். அது அரசு அறிவிக்கும் நாட்கள். ஒவ்வொரு ஊரும் தன் கம்பம் நடும் நாளிலிருந்து தனக்கென எண்ணிக்கொள்ளும் பதினைந்து நாட்களாகிவிடாது. 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் இரவு நேரத் தடையை உறுதிப்படுத்தியது. பேசுவதற்கு உரிமை உண்டு, கேட்க விரும்பாதவரின் காதில் திணிக்க உரிமை இல்லை என்றது. பம்பையும் தவிலும் கம்பத்தாட்டமும் நம் மண்ணின் ஒலிகள், அவற்றின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சிறுவனாக நானும் கம்பத்தைச் சுற்றி ஆடியிருக்கிறேன். கம்பத்தாட்டம் ஓய்ந்து ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகும் ஆளில்லாத தெருவில் குழாய் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருப்பதை அம்மன் கேட்கவில்லை. பங்குனி என்பது பிளஸ் டூ தேர்வு நேரம். ஊர்க் கூட்டத்தில் பண்டிகைக்கு நாள் குறிக்கும்போதே, தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள நான்கைந்து வீட்டார் சேர்ந்து போய், பத்து மணிக்குச் செட்டை நிறுத்துவது, குழாயை வீடுகள் பக்கம் திருப்பாமல் கோயில் வாசலைப் பார்த்துத் தாழக் கட்டுவது என்று இரண்டையும் கேளுங்கள். தேர்வு என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் மதிப்பு உண்டு. தனி வீட்டின் குறையாகப் போனால் எடுபடாது.

மகளுக்கு உடனடியாகச் செய்ய வேண்டியவை. இயர்போனை எடுத்துவிடச் சொல்லுங்கள். வெளிச் சத்தத்தை முழுக்க மறைக்க வேண்டுமென்றால் அதைவிடச் சத்தமாகப் பாட்டு வைத்தாக வேண்டும். பெரியவர்களுக்கே வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல்தான் எல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, பிள்ளைகளுக்கு 75. பஞ்சு பெரிய பயன் தராது. மருந்துக் கடைகளில் நுரையால் ஆன காதடைப்பான் கிடைக்கும். விரலால் மெல்லிதாக உருட்டி, மறு கையால் காதின் மேல் மடலைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். சரியாக வைத்தால் இருபது டெசிபல் வரை குறையும். அழுக்கானால் மாற்ற வேண்டும். காது வலி, சீழ் இருந்தால் வைக்கக்கூடாது. படிக்கும் மேசையையும் கட்டிலையும் பொதுச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்துங்கள். முடிந்தால் அறையையே மாற்றுங்கள். கட்டில் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டு வைத்தால் தரையின் அதிர்வு குறையும். மாமியார் தரையில் பாய் விரித்துப் படுப்பவரானால் முதலில் அவரைக் கட்டிலுக்கு ஏற்றுங்கள். தூக்கம் கெடுவதில் பாதி அந்த அதிர்வாக இருக்கலாம்.

ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். தேதி, மணி, எந்த அறை, ஜன்னல் நிலை, செயலி காட்டிய எண், மாமியார் எழுந்த நேரம், மகள் படிப்பை நிறுத்திய நேரம். பள்ளி நோட்டு போதும். தறி நிற்கும் மின்வெட்டு நேரத்தில் ஓர் எண்ணைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட அதைவிட நல்ல சான்று கிடையாது. உங்கள் கணவருக்கும் முதலில் தறி ஓடும்போதும் நிற்கும்போதும் எடுத்த அந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

பிறகு பேசப் போவது யார் என்பது. நீங்கள் போக வேண்டாம், கணவரும் வேண்டாம். பங்காளிகள் இருவர் பேசினால் பழைய நிலப் பிரச்சினை முதல் எல்லாம் வெளியே வரும். உங்கள் மாமியார் அவருக்குச் சித்தி. சித்தி அழைத்தால் அவர் மறுக்கமாட்டார். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு அவரையும் அவர் மனைவியையும் வரச் சொல்லுங்கள். அவர் குடியிருப்பது தோட்டத்துச் சாளையில். இந்தப் பக்கத்திலிருந்து தன் கூடத்தை அவர் ஒரு இரவுகூடக் கேட்டிருக்கமாட்டார். சாப்பிட்ட பின் பத்தரை மணிவாக்கில் உங்கள் மகளின் அறையில் கட்டிலில் உட்காரவைத்து, மகள் தன் கணக்குப் பாடத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கட்டும். கால் மணி நேரம் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். அதன் பிறகு சித்தியே நோட்டை எடுத்துக் கொடுக்கட்டும். அவர் என்ன சொன்னார் என்றும், சுவர்த் தலையில் சந்து இருந்ததா என்றும் எனக்கு எழுதுங்கள். தட்டு எத்தனை தறிகளுக்கு, எந்தத் தடிமனில் என்பதைக் கூடத்தின் அளவு தெரிந்தால் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.